தோலும் நீரும்

1998 ஜனவரி முதல் வாரம். சார்மினாருக்குப் போகும் வழியில், பத்தர்கட்டியின் கருங்கல் வளைவுகளுக்குக் கீழே இருந்த ஒரு முத்துக் கடையில் அவள் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். தை கடைசியில் தூத்துக்குடியில் தங்கைக்குக் கல்யாணம். "முத்து ஊருக்கே மாத்தலாகிப் போயிருக்கா, ஒரு சரம் வாங்கிட்டு வராமலா இருப்பா" என்று சித்தி வீட்டில் பேசிக்கொள்வதாக அம்மா கடிதத்தில் எழுதியிருந்தாள். முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்தவள், கடலே இல்லாத ஊரில் முத்து வாங்க வந்திருந்தாள். நிஜாம்கள் காலத்தில் பஸ்ராவிலிருந்து வந்த முத்துகளைத் தரம் பிரித்து, துளையிட்டு, கோத்துப் பழகிய கைகள் ஹைதராபாதில்தான் இருந்தன. முத்து எங்கே விளைந்தாலும் வியாபாரம் இந்த ஊரிலேயே தங்கிவிட்டது.

நீல வெல்வெட் விரித்த தட்டில் இரண்டு சரங்கள் கிடந்தன. இரண்டும் ஜப்பானின் வளர்ப்பு முத்து, அகோயா என்றார் கடைக்காரர். 16 அங்குல நீளம். ஒவ்வொரு முத்தும் ஆறரையிலிருந்து ஏழு மில்லிமீட்டர். முதல் சரத்தை அவள் ஜபமாலை போல ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பார்த்தாள். ஒரு முத்தில் ஊசி முனை பட்டதுபோல் சிறு பள்ளம். இன்னொன்றில் வேர்க்குரு மாதிரி ஓர் உப்பல். ஏழெட்டு முத்துகளில் இப்படி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. இரண்டாவது சரத்தில் எதுவுமே இல்லை. 57 முத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. அதன் அட்டையில் 'ஏஏஏ' என்று எழுதியிருந்தது. முதல் சரத்தின் அட்டையில் 'ஏஏ'.

முதல் சரத்தைக் கையில் எடுத்தபோது மேலே இருந்த குழல்விளக்கு ஒவ்வொரு முத்திலும் வெள்ளைக் கோடாகத் தெரிந்ததும், இரண்டாவதில் அதே விளக்கு பால் கொட்டியதுபோல் கலங்கித் தெரிந்ததும் அவள் கண்ணில் பட்டவைதான். அவற்றுக்கு அர்த்தம் இருக்கிறது என்று தெரியவில்லை. கல்யாணச் சரத்தில் குறை இருக்கக் கூடாது என்பது மட்டும் மனசில் இருந்தது. ஒன்றரை மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மூன்று ஏ போட்ட சரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கல்யாணத்தன்று எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்பா மட்டும் கையில் வாங்கி, மண்டபத்து வாசல் வரை கொண்டுபோய், வெயில் படாத இடமாக நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீரோட்டம் கொஞ்சம் கம்மியோன்னு தோணுது" என்றார். வாசலில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிய சந்தடியில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

2001 மே மாத விடுமுறைக்குத் தங்கை கைக்குழந்தையோடு ஹைதராபாதுக்கு வந்தாள். வந்த அன்று ராத்திரியே கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். "யக்கா, நான் ஒண்ணுமே பண்ணல. விசேஷ வீட்டுக்கு மட்டுந்தான் போட்டேன்." மூன்று முத்துகளில் துளையைச் சுற்றி மேல்பூச்சு முட்டையோடு போல் உடைந்திருந்தது. உள்ளே மங்கலான வெள்ளைக் குண்டு தெரிந்தது. மற்ற முத்துகள் சுண்ணாம்பு உருண்டைகளாக வெளுத்துக் கிடந்தன.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனாள். வியர்வையும் சென்ட்டும் பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அது முழுப் பொய்யும் ஆகாது. முத்தின் மேல்படலம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளிப்புத் தன்மை உள்ள எதுவும் அதை அரிக்கும். தூத்துக்குடிப் புழுக்கத்தில் கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் சரத்தைக் கழற்றியதும் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், சென்ட் போடுவதாக இருந்தால் அது காய்ந்த பிறகுதான் முத்தை அணிய வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் எப்போதாவது போட்ட நகை மூன்றே வருஷத்தில் தோலுரிந்துபோக வியர்வை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அந்தக் கடையில் பதில் கிடைக்கவில்லை.

பதில் சொன்னவர் அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால், இரண்டாள் அகலச் சந்து ஒன்றில், வாசற்படியில் உட்கார்ந்து முத்து கோக்கும் பெரியவர். வங்கியில் கூட வேலை பார்த்த தோழிதான் கூட்டிப்போனாள். எல்லோரும் அவரைச் சாச்சா என்று கூப்பிட்டார்கள். அவளும் அப்படியே கூப்பிட்டாள். முன்னால் வெள்ளைத் துணி, பக்கத்தில் பட்டு நூல்கண்டு, சட்டைப் பையில் நகைக்காரர்களின் பூதக்கண்ணாடி. கடை வாசல் வடக்குப் பார்த்தது. அந்த வாசல் வெளிச்சம் இருக்கும்வரைதான் முத்து பார்ப்பார். விளக்கு போட்ட பிறகு கோப்பதோடு சரி.

அவர் சரத்தை வாங்கிப் பிரிக்கவில்லை. அந்த மூன்று முத்துகளைக்கூட முதலில் பார்க்கவில்லை. சரத்தைத் துணியின் மேல் நீட்டி வைத்து, உள்ளங்கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டினார். "முத்தைப் பார்க்காதே பேட்டி, உருளுவதைப் பார்" என்றார் தக்கினியில். உருளும்போது முத்துகள் வெளுத்தும் மங்கியும் மாறி மாறித் தெரிந்தன. ஒருபக்கம் பளிச்சென்று இருந்தது, கால்சுற்று உருண்டதும் சாம்பல் பூத்தது, மறுபடி பளிச்சிட்டது. "கண் சிமிட்டுது பார்த்தாயா? உள்ளே இருக்கும் மணி வெளியே எட்டிப் பார்க்கிறது."

அந்த ஒரு நிமிஷத்தில் மூன்று வருஷக் குழப்பம் தெளிந்தது. கடல்நீரில் வளர்க்கும் அகோயா முத்தின் நடுவே ஒரு மணி இருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளில் கிடைக்கும் மட்டிகளின் கனத்த ஓட்டை அறுத்து, உருட்டிச் செய்த மணி அது. மட்டி ஓடு அடுக்கடுக்காக வளர்வதால் மணியிலும் வரிகள் இருக்கும். சிப்பி அதன்மேல் போதிய கனத்துக்குப் படலம் சுரந்திருந்தால் அந்த வரி வெளியே தெரியாது. படலம் மெல்லியதாக இருந்தால், உருட்டும்போது வரியின் பக்கம் மாற மாற முத்து சிமிட்டும்.

பிறகுதான் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். துளை வாயில் பார்க்கச் சொன்னார். மணிக்கும் படலத்துக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் ஓர் எல்லை தெரிந்தது. எல்லைக்கு வெளியே இருந்த படலம் வெங்காயச் சருகு கனம்கூட இல்லை. அவர் வைத்திருந்த இன்னொரு சரத்தின் ஒரு முத்தைக் காட்டினார். அதில் அந்த விளிம்பு நன்றாகத் தடித்திருந்தது. அந்த முத்தின் இடுப்பில் ஒரு பள்ளமும் இருந்தது.

சாச்சாவிடம் இரண்டே சொற்கள்தான். ஒன்று 'ஆப்'. உருதுவில் தண்ணீர், முத்துக்காரர்களுக்கு அது ஒளி. மற்றது 'தாக்', கறை அல்லது குறை. "எல்லோரும் தாக் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஏனென்றால் அது சுலபமாகத் தெரியும். ஆப் தெரிய இரண்டு சரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். கடைக்காரன் வைக்க மாட்டான்." அன்று கடைக்காரர் இரண்டு சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருந்தார் என்பது அவளுக்கு நினைவு வந்தது. வைத்தும் அவள் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று, நான்கு மாதங்கள் சனிக்கிழமை மதியங்களில் வங்கி முடிந்ததும் அவள் அந்த வாசற்படிக்குப் போனாள். கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வீம்புதான். ஏமாந்த பணத்தைவிட, கண் முன்னால் இருந்ததைத் தன் கண்ணே ஒதுக்கிவிட்டதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

குறைகளில் எது சும்மா இருப்பது, எது முத்தையே கொல்வது என்று பிரித்துப் பார்க்க அவர் சொல்லிக் கொடுத்தார். குண்டூசி முனைப் பள்ளம், சிறு உப்பல், வளையம் போட்டதுபோன்ற சுருக்கம், உள்ளிருந்து தெரியும் கருத்த பொட்டு ஆகியவை பெரும்பாலும் சும்மா இருப்பவை. அவற்றோடே முத்து தலைமுறை தாண்டும். கீறல், விரிசல், துளை வாயில் சிதறல், படலம் விட்டுப்போன இடைவெளி ஆகியவை நாளாக நாளாகப் பரவும். ஒரு பள்ளத்துக்காகச் சரத்தை ஒதுக்குகிறவர்கள் துளை வாயைப் பார்ப்பதே இல்லை என்று அவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் ஏளனம் இல்லை. கெட்டுப்போன சரங்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அவர் மடிதானே.

அவர் சொன்ன தொழில் ரகசியம் ஒன்று அவளை நெடுநேரம் யோசிக்க வைத்தது. துளை போடுகிறவர் முத்தைக் கையில் எடுத்ததும் தேடுவது அதன் மிகப் பெரிய குறையைத்தான். அந்த இடத்தில்தான் துளைப்பார். ஒரே ஒரு பள்ளம் இருந்த முத்து, துளைத்த பிறகு குறையே இல்லாத முத்தாகிவிடும். இரண்டு குறைகள் நேரெதிரில் இருந்தால் இரண்டும் போய்விடும். கம்மலுக்குப் பாதித் துளை போடும்போதும் இதே கணக்குத்தான். குறை இருக்கும் பக்கம் காது மடலைப் பார்த்துப் போய்விடும். ஆக, கடையில் பார்க்கும் சுத்தமான சரம் என்பது பாதி சிப்பியின் வேலை, பாதி துளைப்பவரின் வேலை. இதில் மோசடி எதுவும் கிடையாது. பலாச்சுளையை எந்தப் பக்கம் கீற வேண்டும் என்று தெரிந்தவரின் கைத்திறன் மாதிரிதான் இது.

பார்க்கும் விதத்துக்கும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. வெல்வெட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கருப்பும் நீலமும் எந்த முத்தையும் ஒளிர வைக்கும். வெள்ளை அல்லது சாம்பல் துணி வேண்டும். நேர் வெயில் ஆகாது. மஞ்சள் விளக்கும், புள்ளியாக அடிக்கும் விளக்கும் ஆகவே ஆகாது. நிழலான பகல் வெளிச்சத்தில், முதலில் ஒரு முழம் தள்ளிவைத்து மொத்தமாகப் பார்க்க வேண்டும். ஒளி பிடித்திருந்தால் பிறகு உருட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கண்ணருகே கொண்டுபோய்க் குறை தேடுவது. அவள் கடையில் இந்த வரிசையை அப்படியே தலைகீழாகச் செய்திருந்தாள்.

ஜப்பானில் முத்து வியாபாரத்தின் தலைநகரான கோபே நகரத்திலும் இதே வடக்கு வெளிச்சத்துக்குத்தான் மதிப்பு என்று பின்னால் படித்தாள். நகரத்துக்கு வடக்கே இருக்கும் ரொக்கோ மலைத்தொடரில் பட்டுத் திரும்பும் மென்மையான வெளிச்சம் தரம் பிரிக்க ஏற்றது என்பார்கள். அங்கேயும் குறைக்கு முந்திய இடம் ஒளிக்குத்தான். ஒளிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தெரி'. தமிழ்க் காதுக்கு அது எவ்வளவு பொருத்தமாக ஒலிக்கிறது! படலம் சுற்றியிருக்கும் கனத்துக்கு 'மாக்கி'. குறைக்குக் 'கிஸு', காயம் அல்லது தழும்பு என்று பொருள். சின்னப் பள்ளத்தை மட்டும் 'எக்குபோ' என்பார்கள். கன்னத்தில் விழும் குழிக்கும் அதுதான் பெயர். அந்தச் சொல்லைப் படித்தபோது, பத்தர்கட்டியில் விட்டுவந்த ஏஏ சரத்தை நினைத்து அவளுக்கு வலித்தது.

குறை எப்படி வருகிறது என்பது தெரிந்தால் அதன்மேல் இருக்கும் கோபம் குறைந்துவிடும். முத்து வளர்ப்பில் உயிருள்ள சிப்பியை லேசாகத் திறந்து, அதன் உடலுக்குள் மணியை வைப்பார்கள். கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைத் தசையிலிருந்து வெட்டிய, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு ஒன்றையும் ஒட்டி வைப்பார்கள். அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகி, படலம் சுரக்கத் தொடங்கும். படலத்தின் ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கனம் இருக்காது. பை சீராக ஒட்டாவிட்டால் உப்பல் வரும். ஏதேனும் துகள் இடையில் சிக்கினாலும், வெப்பம் ஏறியோ உணவு குறைந்தோ சிப்பி சோர்ந்தாலும் சுரப்பு தடுமாறும். பொட்டு விழும், பள்ளம் விழும். குளிர்காலத்தில் சுரப்பு மெதுவாகித் தகடுகள் இன்னும் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் படியும், ஒளி கூர்மையாகும். அதனால்தான் ஜப்பானியப் பண்ணைகள் டிசம்பர், ஜனவரிக் குளிரில் சிப்பியை வெளியே எடுக்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. சிப்பி கடலில் எத்தனை அதிக நாள் இருக்கிறதோ அந்த அளவுக்குப் படலம் கனக்கும். அதே அளவுக்கு எதையாவது கண்டு தடுமாறவும், உருண்டை கோணவும், தோலில் தழும்பு விழவும் வாய்ப்பு கூடும். சீக்கிரம் எடுத்தால் சுத்தமான, வட்டமான முத்து நிறையக் கிடைக்கும். படலம் மட்டும் இருக்காது. 1990-களின் நடுவில் ஜப்பானில் சிப்பிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. செத்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கும் பண்ணைக்காரருக்குச் சீக்கிரம் எடுத்துவிடத்தானே தோன்றும். ஒரு வருஷம்கூடக் கடலில் விடாமல் எடுத்த சரக்கும் சந்தைக்கு வந்தது. அவள் வாங்கிய 57 முத்தும் தழும்பே இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அவை உயர்ந்தவை என்பதல்ல. தழும்பு விழும் அளவுக்கு அவை வாழவே இல்லை.

அப்படியானால் அட்டையில் இருந்த மூன்று ஏ? நகைக்கடையில் 916 முத்திரைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருப்பதுபோல் இந்த எழுத்துகளுக்குப் பின்னால் எதுவும் கிடையாது. ஏ, ஏஏ, ஏஏஏ என்பது விற்பவர் தன் சரக்குக்குள் தானே போட்டுக்கொள்ளும் வரிசை. ஒரு கடையின் ஏஏஏ இன்னொரு கடையில் ஏஏவாக இருக்கலாம். தஹித்தியின் கருமுத்துகளுக்கு ஏ முதல் டி வரை வேறு ஏணி. அங்கே ஒற்றை ஏ-தான் உச்சி. ஒளி மிக நன்றாக இருந்து, குறை மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் ஏ. மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பி. அமெரிக்காவின் ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. ஒற்றை எழுத்தே கொடுப்பதில்லை. அளவு, வடிவம், நிறம், ஒளி, மேற்பரப்பு, படலத்தின் தரம், இணைப்பொருத்தம் என்று ஏழையும் தனித்தனியே சொல்கிறது. அதுதான் நேர்மையான வழி என்று அவளுக்குப் பட்டது. ஒரே எழுத்தில் சொல்லும்போது எதற்கு எவ்வளவு மதிப்பெண் போட்டார்கள் என்பது மறைந்துபோகிறது. சுத்தமான தோலுக்குப் போட்ட மதிப்பெண் இல்லாத ஒளியை மூடிவிடுகிறது. டோக்கியோவில் இருக்கும் ஒரு முத்து ஆய்வுக்கூடம் உயர்ந்த அகோயாவுக்கு 'ஹனதாமா' என்று சான்று கொடுக்கிறது. அதற்குப் படலம் 0.4 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். கையால் தொட முடிகிற ஓர் எண் அது.

ஜப்பான் அரசே ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தது. 1952-இல் சட்டம் போட்டு, ஏற்றுமதியாகும் முத்தைச் சோதித்து அனுப்பியது. 1990-களின் இறுதியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதற்கும் முன்னால், 1893-இல் தோபா அருகே முதன்முதலாக அரைக்கோள வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டிய மிக்கிமோத்தோ கோக்கிச்சி, 1932-இல் கோபே நகரில் ஊரறிய மட்டமான முத்துகளைக் குவித்து எரித்தார். வளர்ப்பு முத்தின் பெயரைக் கெடுப்பது மட்டச் சரக்குதான் என்று அவர் நம்பினார். எரிந்த முத்து சுண்ணாம்பாகத்தானே போயிருக்கும் என்று தங்கையின் சரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோன்றும்.

சாச்சா சொன்னதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவுக்குச் சொல்வாள். பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் 'ஆப்' என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் சிரித்தார். "ஏம்மா, அதத்தானே நம்மாளும் நீருங்கான். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டப் பாரு."

அடுத்த வாரம் உள்நாட்டுக் கடிதத்தில் பக்கம் நிறைய எழுதியிருந்தார். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியலில் முத்து என்று வெறுமனே எழுதவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று இனம் பிரித்து, எண்ணி, எடை போட்டு எழுதியிருக்கிறார்கள். தோல் பெயர்ந்தவை, கோடு உள்ளவை, கறை பட்டவை, புள்ளி விழுந்தவை என்பதைக்கூட விட்டுவிடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடவுளுக்குக் கொடுத்த முத்தின் குறையைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். குறையை ஒளிக்கவும் இல்லை, குறை இருக்கிறது என்று ஒதுக்கவும் இல்லை. மதுரையின் மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது சிலப்பதிகாரமும் முத்தின் குற்றங்களைக் காற்று, மண், கல், நீர் என்று காரணம் பிரித்துப் பேசுகிறது என்பதை அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்.

கடிதத்தின் கடைசியில் அவருடைய சொந்தக் கதை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது. முத்துப்பாரில் குளித்து எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிக்கிறவருக்கு. கரையில் அந்தப் பங்கை வாங்கித் திறந்து பார்க்கக் கூட்டம் அலைமோதும். பையனாக இருந்த அப்பா கையில் இருந்த சில்லறைக்கு நாலு சிப்பி வாங்கி, பேனாக்கத்தியால் திறந்தார். மூன்றில் ஒன்றுமில்லை. நாலாவதில் கடுகளவு, கோணலாக ஒன்று. பக்கத்தில் நின்ற வியாபாரி பார்த்துவிட்டுத் தூள் என்று சொல்லிப் போய்விட்டாராம். ஆணியில் தொடங்கும் பழைய வரிசையில் கடைசிப் படி அது. பித்தளைச் சல்லடைகளில் ஆகச் சிறிய கண்ணிலும் விழுந்துவிடுவது. "ஆனா அதுல நீர் இருந்துச்சும்மா. ஒங்க ஆச்சி சாகுற மட்டும் மூக்குத்திச் சிமிழ்ல வச்சிருந்தா." 1961-க்குப் பிறகு அந்தக் கடலில் சலாபம் நடக்கவில்லை. 1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை எடுத்தபோது, பத்திரிகைச் செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். ஜப்பான் அகோயாவும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் ஒரே இனம், பிங்க்டாடா ஃபியூகேட்டா. தங்கை கழுத்தில் கிடந்து தோலுரிந்தது சொந்த ஊர்க் கடலின் உறவுக்கார முத்துதான்.

அந்த வருஷம் தீபாவளிப் போனஸில் தங்கைக்கு வேறு சரம் வாங்க முடிவு செய்தாள். இந்த முறை மூன்று கடைகள். முதல் கடையில் காட்டியவை எல்லாம் சீனத்து நன்னீர் முத்து. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே மணியே கிடையாது. ஜெஜியாங் மாகாணத்துக் குளங்களில் வளரும் மட்டிக்குள் தசைத் துணுக்கை மட்டும் வைப்பதால், முழுக்கப் படலமாகவே வளரும். ஒரே மட்டியில் முப்பது நாற்பதுகூட விளையும். அவற்றில் சிமிட்டலும் இல்லை, தோலுரியும் பயமும் இல்லை. விலையும் சகாயம். அன்று காட்டிய சரங்களில் சுருக்கமும் வளையமும் அதிகம், ஒளியும் மந்தம். அவளுக்கு அகோயாவின் கண்ணாடி ஒளிதான் வேண்டியிருந்தது. இரண்டாவது கடையில் சரத்தை வாசலுக்குக் கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை, எழுந்து வந்துவிட்டாள். மூன்றாவது கடைக்காரர் தானே கூட வாசலுக்கு வந்து நின்றார்.

வெள்ளைக் கைக்குட்டையைத் திண்ணையில் விரித்து நான்கு சரங்களை அடுத்தடுத்து நீட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றில் எதிர்வரிசைக் கடைகளின் வளைவுகள் 58 முறை சின்னச் சின்னதாகத் தெரிந்தன. உருட்டினாள், சிமிட்டவில்லை. துளை வாயில் படலம் தடித்து, விளிம்பு சிதறாமல் இருந்தது. கடைசியாகக் குறை தேடினாள். பத்து முத்துகளில் பள்ளம், இரண்டில் உப்பல், ஒன்றில் மயிரிழை போல் ஒரு சுருக்கம். அட்டையில் எழுதியிருந்த எழுத்து என்னவென்று அவளுக்கு இன்று ஞாபகமில்லை. விலை முன்பு கொடுத்ததைவிடக் கொஞ்சம் கம்மி.

சாச்சா அதைப் பிரித்துத் திரும்பக் கோத்தார். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு போட்டார். அறுந்தாலும் ஒன்றுதான் விழும், ஒன்றோடொன்று உரசாது. பள்ளம் அதிகமான முத்துகளைப் பிடரிப் பக்கம், கொக்கி அருகே தள்ளினார். சுருக்கம் இருந்த முத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே போட என்பதுபோல் பார்த்தார். அந்த முத்துதான் சரத்திலேயே அதிகம் ஒளிர்ந்தது. நடுவிலேயே இருக்கட்டும் என்றாள். கூலி வாங்கிக்கொண்ட பிறகு, பழைய சரத்தின் உடைந்த மூன்று முத்துகளை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

அந்த மூன்றையும் ஃபிலிம் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறாள். வங்கி வேலை முடிந்து, தூத்துக்குடிக்கே திரும்பி வந்தபோதும் அந்த டப்பா கூட வந்தது. சென்ற ஆவணியில், அன்று கைக்குழந்தையாக ஹைதராபாதுக்கு வந்த தங்கை மகள், தன் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "பெரியம்மா, இதப் பாருங்களேன். ஒரு புள்ளிகூட இல்லியாம். ஏஏஏஏ. நாலு ஏ!" படத்தில் கருப்பு வெல்வெட்டின் மேல் ஒரு சரம் கிடந்தது.

அவள் எதுவும் சொல்லவில்லை. தங்கையின் கழுத்திலிருந்து சரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு கூடத்தின் வடக்கு ஜன்னலுக்குப் போனாள். வெள்ளைத் துண்டை விரித்து, சரத்தை ஒரு பக்கம் நீட்டினாள், மறுபக்கம் டப்பாவிலிருந்த ஓர் உடைந்த முத்தை வைத்தாள். "கைய வச்சு மெதுவா உருட்டு" என்றாள். பெண் முதலில் சரத்தை உருட்டினாள். பிறகு அந்த ஒற்றை முத்தை. ஒருமுறை உருட்டியவள் நிறுத்திவிட்டுக் குனிந்தாள், முகத்தைத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு முறை உருட்டினாள்.